உக்குபண்டாவின் இருபத்திரண்டு பேர்ச்சஸ்

இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்குக் கீழே, ரோட்டுக்கும் ஓடைக்கும் நடுவில் இருந்த, சிங்களக் கிராமத்து உக்குபண்டாவின் காணி இருபத்திரண்டு பேர்ச்சஸ். பெரியாண்டி அதற்குள் நின்றால் இருபத்தொன்று. இது 1951ஆம் ஆண்டு மாசி மாதம், கண்டியிலிருந்து வந்த நில அளவையாளர் அறுபத்தாறு அடிச் சங்கிலியை நான்கு எல்லைக் கற்களுக்கும் இடையில் பிடித்தபோது தெரிய வந்தது. சங்கிலியின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் போதாமல் பெரியாண்டியை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் உள்ளே வந்ததும் கணக்கில் ஒரு பேர்ச் குறைந்தது. வெளியே போகச் சொல்லிவிட்டு அளந்தால் சரியாக வந்தது. ஏக்கரை நூற்றறுபதாகப் பங்கிட்டால் அதில் ஒரு பங்குதான் ஒரு பேர்ச். சமையற்கட்டு வைக்கும் அளவு இடம். நில அளவையாளர் சங்கிலியின் நூறு கண்ணிகளையும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். நூறும் இருந்தன. மத்தியானம் வரை ஏழு தடவை அளந்துவிட்டு, படத்தின் மூலையில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

பெரியாண்டி தேயிலைத் தோட்டத்தில் மழைத்தண்ணீர் வடியக் காண் வெட்டுகிறவர். மலைச் சரிவில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும், எந்த மண் எத்தனை மழைக்குத் தாங்கும் என்பது அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த இன்னொன்று, பேரை வெட்டிய பிறகு தோட்டம் கொடுத்த லயத்துக் காம்பராவில் இருக்க முடியாது என்பது. அறுபது வயதில், காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் ஒருவர் பேரை வாசிக்காமல் விட்டால், மூன்று மாதத்தில் அந்த ஆள் சட்டிபானையோடு வெளியேற வேண்டும். மகளை உடப்புசல்லாவையில் கட்டிக் கொடுத்திருந்தார். அங்கே ஒரே காம்பராவில் ஏற்கெனவே ஏழு பேர். ஆகவே பேர் வெட்டுவதற்குள் அவருக்கும் மனைவி காளியாயிக்கும் சொந்தமாக ஓரிடம் வேண்டும். அதற்கு அவருக்குப் பதின்மூன்று வருடம் இருந்தது.

உக்குபண்டா விற்கச் சம்மதித்தார், ஆனால் காணியில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்காமல் வாங்குவதில்லை என்று அவர் முடிவு செய்தார். தலவாக்கலையில் முத்துலிங்கம் என்ற யாழ்ப்பாணத்து நொத்தாரிசு இருந்தார். உறுதிப் பத்திரம் எழுதுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை அவர் பெரியாண்டிக்கு வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். நுவரெலியாவில் காணிப் பதிவுக் கந்தோர் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு காணிக்கும் ஒரு பக்கம். விற்றது, அடகு வைத்தது, வழக்குப் போட்டது எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக ஏறும். பக்கம் நிறைந்தால் அடுத்த புத்தகத்தின் எண்ணை அடியில் எழுதுவார்கள். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டே முப்பது வருடம் பின்னால் நடக்க வேண்டும். பெரியாண்டி சம்பள நாளுக்கு மறுநாள் மட்டும் போக முடிந்ததால், அந்த முப்பது வருடத்தை நடந்து முடிக்க ஒன்றரை வருடமானது. அடகு இல்லை. வழக்கு இல்லை. உக்குபண்டாவின் தகப்பன், அவருடைய தகப்பன், அவ்வளவுதான். அரசாங்க அதிபரின் கச்சேரிக்கு எழுதிப் போட்டதில், அரசாங்கம் எடுக்கப்போவதில்லை என்று பதில் வந்தது. பிறகு மண். எல்லைக்கு வெளியே நின்றபடி உக்குபண்டாவை நான்கு குழி வெட்டச் சொல்லி, இரண்டு மழைக்காலம் அந்தக் குழிகளின் ஓரத்தைப் பார்த்தார். விரிசல் இல்லை, சரிவு இல்லை, ஊற்று நல்ல இடத்தில் இருந்தது. அவர் வாழ்நாளில் பார்த்த மண்ணிலேயே அதுதான் குற்றமில்லாத மண்.

ஆனால் கால் வைத்தால் ஒரு பேர்ச் குறைந்தது. இப்போது கண்ணாலேயே பார்க்க முடிந்தது. தொட்டாற்சுருங்கி இலை மடங்குவதுபோல் நான்கு கற்களும் சத்தமில்லாமல் உள்ளே நகர்ந்தன. குறைந்த மண் அக்கம்பக்கக் காணிகளில் சேரவில்லை. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. உக்குபண்டாவின் மாட்டை உள்ளே விட்டார்கள், அளவு மாறவில்லை. நொத்தாரிசு சப்பாத்தோடு போய் நடுவில் நின்று பார்த்தார், மாறவில்லை. காளியாயி போய் நின்றாள். ஒரு பேர்ச் குறைந்தது. இருவரும் சேர்ந்து நின்றபோது இரண்டு குறைந்தது.

"அனே பெரியாண்டி, காணியில ஒன்னும் இல்ல," என்றார் உக்குபண்டா. அவருக்கு விற்க அவசரம் இல்லை, ஆனால் மனவருத்தம் இருந்தது. "எங்க மாடு நிக்குது, நொத்தாரிசு மாத்தயா நிக்குது. ஒங்க ரெண்டு பேருக்குத்தான் சுருங்குது."

"மாட்டுக்கு இருக்குற யோகம் ஒனக்கு இல்லய்யா," என்றாள் காளியாயி. "இனிமே கந்தோர் கந்தோரா அலையாத. கோளாறு நம்ம கிட்டத்தான் இருக்கு."

கோளாறு என்னவென்று 1955இல் தெரிந்தது. 1948இல் வந்த சட்டத்தால் தோட்டத்துத் தமிழர்கள் இலங்கைப் பிரஜைகள் இல்லை என்றாகியிருந்தது. பிரஜாவுரிமைக்கு அவர் போட்டிருந்த மனு அந்த வருடம் விசாரணைக்கு வந்தது. விசாரித்த உத்தியோகத்தர் எல்லாக் கேள்விகளையும் கேட்டு முடித்து, கடைசியாகப் பேனாவை மூடும் நேரத்தில், சாதாரணமாக, எந்த ஊர் என்று கேட்டார். தோட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பாட்டன் கப்பலேறப் புறப்பட்ட இந்திய ஊரைச் சொல்வதுதான் மரியாதை. சம்பந்தம் பேசும்போதும் கோயிலில் பேர் சொல்லும்போதும் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். லயத்தின் பேரைச் சொன்னால் நாதியற்றவன் என்று நினைப்பார்கள். ஆகவே இந்த மலையிலேயே பிறந்து, கடலை ஒரு தடவைகூடப் பார்த்திராத பெரியாண்டி, நிமிர்ந்து நின்று, "துறையூருங்க" என்றார். உத்தியோகத்தர் பேனாவைத் திரும்பவும் திறந்து அதை எழுதிக்கொண்டார். நிலையான வசிப்பிடம் இந்தியா என்ற காரணத்தோடு மனு தள்ளுபடியானது. அன்று சாயந்தரம் அவர் காணிக்குப் போய் ஒரு காலை வைத்தார். பன்னிரண்டு பேர்ச்சஸ் போய்விட்டது.

"ஏன் காணும் அப்பிடிச் சொன்னனீர்?" என்று நொத்தாரிசு தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கேட்டாருங்க, சொன்னேன். வேற எந்த ஊரைச் சொல்றதுங்க?" என்றார் பெரியாண்டி.

அதற்குப் பிறகு எட்டு வருடம் மேல்மனு, சாட்சிக் கடிதம், பிறப்புப் பதிவு என்று கழிந்தன. முதல் சில பதில்கள் வந்த நாட்களில் கால் வைத்துப் பார்த்தபோது காணி அவருக்கு அரைப் பேர்ச், கால் பேர்ச் என்று மேலும் குறைந்தது. அவர் காண் வெட்டப் போகும் வழியில் ரோட்டில் நின்று காணியைப் பார்த்துவிட்டுப் போவார். பிறகு உள்ளே கால் வைப்பதை நிறுத்திவிட்டார். 1963இல் ஒரு சட்டம் வந்தது. பிரஜை அல்லாதவர் காணி வாங்கினால், விலை எவ்வளவோ அவ்வளவு தொகையை வரியாகவும் கட்ட வேண்டும். காளியாயி சேர்த்து வைத்திருந்தது காணிக்கு மட்டும் போதும். அந்தச் செய்தி கேட்ட காலை அவர் பல வருடத்துக்குப் பிறகு எல்லையைத் தாண்டினார். நான்கு கற்களும் வந்து அவருடைய பெருவிரலில் முட்டி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உள்ளே என்று ஒரு இடமே மிஞ்சாமல் அவர் ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். அடுத்த வருடம் இலங்கை, இந்தியா இரண்டு நாட்டுப் பிரதமர்களும் தோட்டத்து ஆட்களைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்பந்தம் செய்தார்கள். தாங்கள் எந்தப் பங்கில் இருக்கிறோம் என்று பெரியாண்டிக்கும் காளியாயிக்கும் யாரும் சொல்லவில்லை. அதே வருடம் கார்த்திகையில் பெரட்டில் அவர் பேர் வாசிக்கப்படவில்லை. மூன்று மாதத் தவணை தொடங்கியது.

இரண்டாவது மாதம் உக்குபண்டா காணியை யாருக்காவது விற்றுவிடலாம் என்று நினைத்து அதே நில அளவையாளரைக் கூப்பிட்டார். பெரியாண்டி காம்பராவை விட்டு வெளியே வரவில்லை. பத்து நாளாகப் பேச்சும் இல்லை, சாப்பாடும் சரியாக இல்லை. காளியாயி மட்டும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அளப்பதைப் பார்த்தாள். சரிவான நிலத்தைத் தரையோடு இழுத்து அளக்க மாட்டார்கள். அப்படி அளந்தால் நீளம் கூடிவிடும். மேட்டில் இருப்பவர் சங்கிலியைக் காலடியில் பிடிக்க, பள்ளத்தில் இருப்பவர் அதைத் தலை உயரத்துக்குத் தூக்கி மட்டமாகப் பிடிப்பார். நுனியிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, அது தொடும் இடத்தில் அடையாளம் போடுவார்கள். ஆகவே படத்தில் ஏறுவது மண்ணின் அளவு அல்ல. மண்ணுக்கு மேலே மட்டமாக நிற்கும் காற்றின் அளவு. காளியாயி இதை இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு நேரே தலவாக்கலைக்குப் போனாள்.

"மண்ணுல நிக்கத்தானேங்க சுருங்குது? மண்ணைத் தொடாம மேல இருந்தா?"

முத்துலிங்கம் சட்டப் புத்தகத்தை எடுத்து அந்தச் சட்டத்தை வரிவரியாகப் பார்த்தார். "மண்ணை வித்தால்தான் வரி," என்றார் பிறகு. "மேல இருக்கிறதைப் பற்றிச் சட்டத்தில ஒரு சொல்லும் இல்லை, பிள்ளை."

உறுதி அந்த வாரமே எழுதப்பட்டது. அதில் வழக்கமான நான்கு எல்லைகளோடு கீழெல்லை என்று ஐந்தாவதாக ஒன்று இருந்தது: உக்குபண்டாவின் காணி. மேலெல்லை எழுதவில்லை. பதிவுக் கந்தோரில் முத்திரையையும் கையெழுத்தையும் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார்கள். கட்டைகளை நடும் வேலையை உக்குபண்டாவும் அவர் மருமகன்மாரும் செய்தார்கள். ஒன்பது டர்பன்டைன் மரக் கட்டைகள், ரோட்டோரம் ஒரு சாண் உயரம், ஓடைப் பக்கம் ஏழு அடி. அதன்மேல் பலகைத் தளம், தகரக் கூரை, ரோட்டிலிருந்து உள்ளே வர ஒரு பலகை. தவணை முடிவதற்கு முந்தைய நாள் பெரியாண்டியும் காளியாயியும் பலகை மேல் உட்கார்ந்திருக்க, கீழே அளந்தார்கள். இருபத்திரண்டு பேர்ச்சஸ். இப்போதும் அப்படித்தான். கைதவறி அகப்பை கீழே விழுந்தால் எடுத்துத் தர உக்குபண்டா வீட்டிலிருந்து யாராவது வர வேண்டும்.