மூன்று டிரம்மும் ஆயிரம் எம்பியும்

மணி பத்து இருபது. பதினோரு மணிக்குத் தொடங்கும் கூட்டத்தில் அகல்யாவின் முகம் திரையில் நின்றுவிடக் கூடாது.

இந்த மாதம் மட்டும் மூன்று முறை நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியபடி. மூன்றாவது முறை, மேலாளர் ரோஹித் பெங்களூரிலிருந்து தனியாக அழைத்தார். "வியாழக்கிழமை கிளையண்ட் டெமோ, அகல்யா. அதுலயும் லைன் கட்டாச்சுன்னா, ஒண்ணாந்தேதிலேர்ந்து இங்க ஆபீசுக்கே வந்துடுங்க."

பெங்களூர் என்றால் அவள் மட்டும்தான். கணவன் பிரசன்னாவுக்கு ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை வேலை. மாற்றல் என்ற பேச்சுக்கே இடமில்லை. எல்.கே.ஜி. போகும் மகள் ரோஷினி யாரிடம் இருப்பாள்? ஒரு வாரமாகப் பேசியும் விடை கிடைக்கவில்லை.

அதனால்தான் அவர்கள் குடியிருந்த கோவில்பதாகைக்கு வந்திருந்த இணைய இணைப்புகளிலேயே அதிவேகமானதை வாங்கினாள். நேற்று சாயங்காலம் லைன்மேன் சுலைமான் வாசல் கதவுக்கு மேலே புது வைஃபை பெட்டியை மாட்டி, வேகத்தை அளந்து காட்டினான். தொள்ளாயிரத்துச் சொச்சம். "ஆயிரம் எம்பி லைனுக்கா. ராக்கெட்டு!"

இப்போது படுக்கையறையில் உட்கார்ந்து அளந்தாள். கேமராவில் வெறும் சுவர் பின்னால் தெரிகிற ஒரே இடம் அதுதான். ஏழு. மறுபடி அளந்தாள். ஐந்து.

அடுத்த தெருவில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்த சுலைமான் பத்து நிமிடத்தில் வந்தான். "இன்னாக்கா, நேத்து சூப்பரா இருந்துச்சே?" போனைக் கையில் ஏந்தி, ஹாலிலிருந்து அடி அடியாக உள்ளே நடந்தான். ஹாலில் தொள்ளாயிரம். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் எழுநூறு. குளியலறைக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த குறுகிய வழியில் வரிசையாக நின்ற நீல டிரம்களைத் தாண்டியதும் எண் தொபுக்கென்று விழுந்தது.

"தண்ணி எப்போ ரொப்புனீங்க?"

"காலைல. ஏழு மணிக்கு லாரி வந்துச்சு."

"நாந்தான் ரொப்புனேன்," என்றாள் வீட்டு வேலைக்கு வரும் கண்ணம்மா, துடைப்பத்தோடு நிமிர்ந்து. "மூணு டிரம்மு, வெளிம்பு வரிக்கும். அதுக்கு இன்னா இப்போ?"

"அதாம்மே விசயம். இது வேகமா ஓடுற சிக்னலு. ஒரு செவுரு தாண்டும். நடுவுல இம்மாந்தண்ணி நின்னா அப்டியே படுத்துக்கும்."

"ராக்கெட்டுன்னியாமே நைனா. டிரம்மு தாண்டாத ராக்கெட்டா?"

அகல்யாவுக்குச் சிரிப்பு வரவில்லை. டெமோ நேரத்தில் தண்ணீர் பிடிக்க எழுந்து ஓடக் கூடாதென்று மேல்வீட்டில் இரவல் கேட்டு மூன்றாவது டிரம்மை வைத்ததே அவள்தான்.

"பழைய சிக்னலுக்கே மாத்திக் குடுங்க."

"மாத்தலாம்க்கா. இந்த பிளாக்குல முப்பது ஊடு, முப்பது பொட்டி. எல்லாம் அதுலதான் இடிச்சிகினு கீது. அதுலதானே உங்க மூஞ்சி நின்னுபோச்சு?"

"அப்ப தண்ணியக் கொட்டிடுவோம்."

"கொட்டுவ, கொட்டுவ!" கண்ணம்மா டிரம்முக்கு முன்னால் வந்து நின்றாள். "அடுத்த லாரி திங்கக்கெழமதான். அதுவரிக்கும் நெட்டுலயா குளிப்பே?"

பத்து ஐம்பத்தொன்று. படுக்கையறை வரை ஒயர் இழுக்கலாமென்று சுலைமான் பையைக் கவிழ்த்துத் தேடினான். மூன்று மீட்டர் ஒயர்தான் இருந்தது. அதை வாசல் பெட்டியில் செருகினால், செருப்பு ஸ்டாண்டு வரை எட்டியது.

"இங்கயே குந்திக்கோக்கா."

லேப்டாப் செருப்பு ஸ்டாண்டின் மேல் ஏறியது. அகல்யா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். திரையில் அவள் தலைக்குப் பின்னால் அந்த மூன்று டிரம்மும் பளிச்சென்று தெரிந்தன. மறைக்க நேரமில்லை. சுலைமான் தன் ஒயர் வேலைக்குத் திரும்பினான். கண்ணம்மா வெளியே போய், கதவைச் சாத்தி, படியில் காவல் உட்கார்ந்தாள்.

பதினொன்று இருபதுக்கு வெளியே கீரைக்காரர் குரல் கொடுத்தார். "யோவ், வாய மூடிகினு போ! உள்ள பரிச்ச நடக்குது!" என்ற கண்ணம்மாவின் அதட்டல் கீரைக்காரரைவிடப் பலமாகக் கேட்டது. அகல்யா சட்டென்று மைக்கை அணைத்து, மூச்சை இழுத்து, மறுபடி பேசினாள். படம் ஆடவில்லை. குரல் உடையவில்லை.

பதினொன்று முப்பத்திரண்டுக்குத் திரையில் ஒரு முகம் நின்றது. அவளுடையது அல்ல. ரோஹித்துடையது! வாய் பாதி திறந்தபடி, ஒரு கண் மூடியபடி. அடுத்த நொடி அந்தக் கட்டமே மறைந்தது. பெங்களூர் அலுவலகத்தின் மற்ற நாலு பேரும் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். மிஞ்சியது அகல்யாவும் கிளையண்ட் அம்மாளும்.

அந்த அம்மாள் சிரித்தார். அவர்கள் வரும்போது வரட்டும், நீங்கள் மேலே சொல்லுங்கள் என்றார். அகல்யா கடைசிப் பக்கம் வரை தனியாளாகச் சொல்லி முடித்தாள்.

பன்னிரண்டு பத்துக்கு ரோஹித்திடமிருந்து செய்தி வந்தது. "இங்க ஆபீஸ் நெட் மொத்தமா போயிடுச்சு. டெமோ நல்லா போச்சுன்னு கிளையண்ட் சொன்னாங்க. நீங்க அங்கயே இருங்க. பெங்களூர் பேச்சு இனிமே இல்ல."

அகல்யா எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். கதவைத் திறந்து கண்ணம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். பிறகு பிரசன்னாவை அழைத்தாள். சுவிட்ச் ஆஃப்.

அப்போதுதான் நினைவு வந்தது. தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. காலையிலேயே வாசலில் ஒப்படைத்துவிட வேண்டும். நாலரைக்குச் சங்கு ஊதினால்தான் திருப்பித் தருவார்கள்.

ஆயிரம் எம்பி தலைக்கு மேலே பச்சை விளக்கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே, மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கணவனுக்குச் சொல்ல, அகல்யா நாலரை மணிக்காகக் காத்திருந்தாள்.