டிசம்பர் மாத எடை

கிளினிக்குக்குக் கிளம்பும் முன் நிருஷா தன் இரண்டு வயது மகள் ஆர்த்திகாவுக்கு மூன்று கோப்பை தண்ணீர் பருக்கினாள். ஆகஸ்ட் மாதம் பிள்ளையின் எடை குறைந்திருந்தது. மறுபடியும் குறைந்தால் ஆஸ்பத்திரி வார்டில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று மருத்துவமாது கேதீஸ்வரி சொல்லியிருந்தார். வார்டில் தங்கினால் ஏழு வயது மகன் நிதுர்ஷனுக்கு யார் சமைப்பது? புருஷன் ஜெயந்தன் விடியுமுன் ஆற்றுக்குப் போகிறவன். இந்த மழை வெள்ளத்தில் அவன் வலையிலும் ஒன்றும் படுவதில்லை.

வரிசையில் பதினொரு பேர் முன்னால் இருந்தார்கள். நிருஷாவால் வாங்குப் பலகையில் இருக்க முடியவில்லை. எழுந்து வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், பிள்ளையின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள்.

"என்னகா அவசரம்?" என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"ஒண்ணுமில்ல."

அவர்கள் முறை வந்தது. தராசில் தொங்கவிட்டதும் பிள்ளை மூத்திரம் பெய்யத் தொடங்கினாள். அது கேதீஸ்வரியின் செருப்பு வரை ஓடியது. முள்ளும் கொஞ்சம் இறங்கியது.

"எவ்வளவு தண்ணி குடுத்த நீ?" என்று கேட்டார் கேதீஸ்வரி.

நிருஷா பொய் சொல்ல வாயெடுத்தாள். உண்மைதான் வந்தது.

"நீங்க இவளுக்குத் தாற திரிபோஷா சத்துமாவ மகனுக்கும் குடுக்கன் மிஸ். பள்ளிக்கூடம் நடந்தா அவனுக்கு அங்க சோறு, முட்டை. லீவு விட்டா அதும் இல்ல. அவன் பாத்துக்கிட்டு நிக்கக்குள்ள இவளுக்கு மட்டும் எப்பிடிக் குடுக்கிற?"

கேதீஸ்வரி ஏசவில்லை. பிள்ளையின் அட்டையை விரித்து விரலை ஓட்டினார். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர். கோடு சரிந்த மாதமெல்லாம் பள்ளி விடுமுறை.

"முதலே சொல்லியிருக்கலாமே, புள்ள."

"சொன்னா மாப் பக்கெட்ட நிப்பாட்டிருவீங்க எண்டு பயம்."

வார்டுக்கு எழுதாமல், இரண்டு கிழமை கழித்து வரச் சொன்னார் கேதீஸ்வரி. அன்று பின்னேரமே, பள்ளிக்கூடத்தில் சமைக்கும் கண்ணகையின் வீட்டுக்குப் போனார்.

"லீவு முடியும் வரைக்கும் கொஞ்சப் புள்ளையளுக்குக் கஞ்சி வைக்கேலுமா?"

"வைக்கலாம். அரிசி ஆர் தாற?"

கேதீஸ்வரி வீடு வீடாகக் கேட்டார். கிழமைக்கு மூன்று நாளுக்குத்தான் சேர்ந்தது. அந்த மூன்று நாளும் நிதுர்ஷன் முதல் ஆளாய்ப் போய் நின்றான். மற்ற நாட்களில் நிருஷா தன் சோற்றை அவனுக்குப் போட்டாள். திரிபோஷா முழுக்கச் சின்னவளுக்கு.

ஜனவரியில் பிள்ளைக்கு முந்நூறு கிராம் கூடியிருந்தது. கேதீஸ்வரி சிரித்தபடி அட்டையில் புள்ளியிட்டார். பிறகு நிருஷாவின் கையைப் பிடித்துப் பார்த்தார். வளையல் முழங்கை வரை ஏறியது.

"இப்ப நீ தராசில ஏறு," என்றார்.