கலர் கேட்கும் வேலை

என் வேலையை வெளியே சொன்னால் சிரிப்பார்கள். பாலைவனத்தில் குழாய் பதிக்கிற ஒரு கம்பெனியின் முகாமில் நான் பாதுகாப்பு அதிகாரி. தினமும் காலையில் வண்டி ஏறுவதற்கு முன் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "இன்னிக்கு என்ன கலர்?" சிறுநீரைத்தான் கேட்கிறேன். வெளிர் மஞ்சள் என்றால் ஏறலாம். கடும் மஞ்சள் என்றால் என் கண்ணெதிரே ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் ஏற வேண்டும். பால் விடாத டீயின் நிறம் என்றால் அன்று வேலை கிடையாது, நேராக மருத்துவக் கூடாரம்தான்.

வெல்டிங் செய்யும் சுருட்டைதான் அடிக்கடி என் வாயைப் பிடுங்குவான். "மேடம், இன்னிக்கு ஊதா" என்று ஒரு நாள் சொன்னான். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரிசை முழுவதும் பார்க்க இரண்டு பாட்டில் குடிக்கவைத்தேன். அதற்குப் பிறகு ஒழுங்காகச் சொல்கிறான்.

அப்பா ஒரு வாரம் என்னோடு தங்க வந்தார். அம்மா போனதிலிருந்து அவர் என் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். "நீ இருக்கற கூடாரத்தை ஒரு தடவை பாக்கணும்மா" என்று அவரே போனில் கேட்டிருந்தார். வெளி ஆளைத் தங்கவைக்க அனுமதி வாங்குவதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிட்டது. என் கூடாரத்தில் இன்னொரு கட்டில் போட்டேன். வாசல் பக்கம் எனக்கு, உள்பக்கம் அவருக்கு. மணல் காற்று அவர்மேல் அடிக்கக் கூடாது என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி நான் செய்த ஏற்பாடு அது. வெளியே போக வேண்டுமென்றால் அவர் என் கட்டிலைத் தாண்டி வந்து வாசல் ஜிப்பை இழுக்க வேண்டும். அந்த ஜிப்பை இழுத்தால் பக்கத்துக் கூடாரத்தில் இருப்பவர்கள்கூடப் புரண்டு படுப்பார்கள். கழிப்பறையோ ஜெனரேட்டரையும் தாண்டி முகாமின் மறு ஓரத்தில் இருந்தது.

முதல் நாள் காலை நான் வரிசையில் கேள்வி கேட்பதைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஆம்பளைங்ககிட்ட இதையெல்லாம் நீதான் கேக்கணுமா?"

"என் வேலைப்பா அது."

"வேற யாராவது கேக்கக் கூடாதா?"

"தாராளமா கேக்கலாம். சம்பளமும் அவங்களுக்கே போயிடும்."

சிரித்தார். ஆனால் மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு நாற்காலியை வேறு பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். சும்மா இருக்க வராது. சாப்பாட்டுக் கூடாரத்தின் வாசலில் நின்றுகொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க, முன்னாடி இடம் இருக்கு" என்று ஆட்களை நகர்த்துவார். முகாமே அவரைக் கண்டக்டர் ஐயா என்று தலையில் தூக்கிவைத்துக்கொண்டது. நான் ஒரு பெரிய தண்ணீர் பாட்டிலில் கோடு போட்டுக் கொடுத்து, இந்த வேளைக்குள் இவ்வளவு குடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவேன். சாயங்காலம் பாட்டில் காலியாக இருக்கும்.

"குடிச்சீங்களாப்பா?"

"குடிச்சேம்மா."

அவர் உதடு வெடித்திருந்தது. களிம்பு கொடுத்தேன். பகலில் அசந்து தூங்கினார். பயணக் களைப்பு என்று நினைத்தேன். முகாமில் உள்ள அத்தனை பேரையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் நான். அவரிடமும் கேட்டுவிடலாமா என்று ஒரு காலை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் தன் உள்ளாடையைத் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போடுகிற மனிதர் அவர். நான் வயதுக்கு வந்த பிறகு, என் அறைக்கு வெளியே நின்று இருமாமல் உள்ளே வந்ததே இல்லை. அவரிடம் போய் எப்படிக் கேட்பது? விட்டுவிட்டேன்.

வாரத்தின் நடுவில் ஒரு மதியம், சுருட்டை தட்டோடு வருவதைப் பார்த்து அவனுக்கு இடம் கொடுக்க எழுந்தார். எழுந்தவர் பிடித்துக்கொள்ளக் கம்பியைத் தேடுவதுபோலக் கையைத் தலைக்கு மேலே தூக்கினார். அப்படியே சரிந்தார். சுருட்டைதான் அவரை வாரித் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் பின்னால் ஓடினேன்.

மருத்துவக் கூடாரத்தில் நர்ஸ் தம்பி அவர் நாக்கைப் பார்த்தான், தோலைக் கிள்ளிப் பார்த்தான்.

"உள்ள தண்ணியே போகல மேடம்."

"தினமும் பாட்டில் காலியாகுதே."

"என்ன கலர்னு கேட்டீங்களா?"

நான் அப்பாவின் வெடித்த உதட்டைப் பார்த்தேன்.

"எங்க எல்லாரையும் கேக்கறீங்களே மேடம்," என்றான். குத்திக் காட்டவில்லை. அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சலைன் ஏறியது. வெயில் தணிந்த பிறகுதான் அப்பா தெளிந்து கண் திறந்தார். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, என்ன கலர்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நீங்க சொல்ற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்."

"டீ மாதிரி இருந்துச்சும்மா," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இன்னிக்கு அதுவும் வரல."

"பாட்டில் தண்ணியெல்லாம்?"

"உன் பக்கெட்ல ஊத்திட்டேன்."

அந்தத் தண்ணீரில்தான் தினமும் சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு அவரே சொன்னார். என் முகத்தைப் பார்க்காமல் கூடாரத் துணியைப் பார்த்துச் சொன்னார். கொஞ்ச நாளாகவே அடக்க முடிவதில்லை. அண்ணன் வீட்டில் ஒரு நாள் படுக்கை நனைந்துவிட்டது. போர்வையால் மூடிவிட்டு வாக்கிங் போனார். திரும்பி வந்தால் புது விரிப்பு விரித்திருந்தது. மறுபடியும் நனைந்தது. மறுபடியும் புது விரிப்பு. பிறகு ஒரு நாள் விரிப்புக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் வந்திருந்தது.

"உங்க அண்ணி ஒரு வார்த்தை சொல்லலம்மா. முகம்கூட மாறல. ஏதாவது சொல்லியிருந்தா நானும் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்."

"அதுக்காகத் தண்ணியை நிறுத்திட்டீங்களா?"

"வண்டியில இருந்தப்ப அப்படித்தானே. டிரிப் முடியற வரைக்கும் குடிக்க மாட்டோம். பழக்கம்தானே, சமாளிச்சுக்கலாம்னு நினைச்சேன்."

"இது பாலைவனம்பா. செத்திருப்பீங்க."

"உன் கூடாரத்துல, உன் எதிர்ல..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அண்ணி விரிப்பு மாற்றியிருக்கிறாள், நான் நல்ல பக்கம் பார்த்துக் கட்டில் போட்டிருக்கிறேன். யாரைத் திட்டுவது? அழுதேன்.

டவுனில் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும், மருந்திலேயே சரியாகலாம் என்று நர்ஸ் தம்பி சொல்லியிருந்தான். அதை அப்பாவிடம் சொன்னேன்.

"அண்ணனுக்குத் தெரிய வேண்டாம்மா."

"தெரியலன்னா அங்க போயும் இதேதான் செய்வீங்க."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. இங்கே தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருந்தது. அங்கே அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்.

போன் அடித்தது. அண்ணன்தான், வழக்கமாக அப்பாவோடு பேசும் நேரம். ஸ்பீக்கரைப் போட்டு அப்பாவின் தலையணை அருகில் வைத்தேன்.

"அப்பா எப்படி இருக்கார்?" என்றான் அண்ணன்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் பதில் சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் முந்திக்கொண்டு பேசுகிற எனக்கு அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது பெரும்பாடாக இருந்தது.

"நான்தாண்டா," என்றார் அப்பா. "எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியலடா. ரொம்ப நாளா."

அந்தப் பக்கம் சமையலறையில் யாரோ குழாயை மூடுவது கேட்டது.

"தெரியும்ப்பா," என்றான் அண்ணன். குரல் இறங்கியிருந்தது. "அவளுக்கும் தெரியும். நீங்க வாக்கிங் போற வரைக்கும் காத்திருந்துதான் விரிப்பை மாத்துவா. உங்களுக்குச் சங்கடமா இருக்குமேன்னு நாங்க ஒண்ணும் கேக்கல."

அப்பா ஊசி போடாத கையால் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"கேட்டிருக்கலாம்டா," என்றார்.