டேங்குக்குள் ஒரு சிட்டிகை

கான்ஸ்டபிள் சொரிமுத்து மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே நல்லக்கண்ணு கையிலிருந்த பம்பைக் கீழே வைத்தான். இன்ஸ்பெக்டர் வண்டி. முந்தாநாள் ஆயுத பூஜைக்கு அவன்தான் தென்காசியில் இருந்த தன் சைக்கிள் கடையில் வைத்து அதைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து அனுப்பினான்.

“குத்தாலத்துல இருந்து மேலகரம் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு. அங்கன ரெண்டு இருமு இருமிட்டுப் படுத்துட்டு வே,” என்றார் சொரிமுத்து. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. “கார்புரேட்டர்ல அடைப்புன்னு ஐயா சொல்லுதாரு. நமக்கு என்ன எழவு தெரியும், தள்ளத்தான் தெரியும். நாலு மணிக்கு அவரு செங்கோட்டை போவணும். ஒம்மால முடியுமா, இல்ல ரயில்ல ஏத்தித் திருநெல்வேலி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பட்டுமா?”

“பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

“பாரும். நான் ரெண்டு தோசை தின்னுட்டு வாரேன்.”

பார்க்க வேண்டியதே இல்லை. என்ன அடைத்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

பூஜையன்று டேங்க் மேல் மூன்று கோடு விபூதி இழுத்து முடித்தபோது, தட்டோடு நின்ற அவன் பெண்டாட்டி முப்பிடாதி சொன்னாள்: “புள்ளைக்கு நெத்தியில பூசிட்டு வாயிலயும் ஒரு சிட்டிகை போடுவோம்லா? இது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?” அவனுக்கும் நியாயமாகத்தான் பட்டது. சைக்கிளுக்கு வாய் கிடையாது. இதற்கு இருந்தது. பெட்ரோல் மூடியைத் திறந்து ஒரு சிட்டிகை போட்டான். பெரிய இடத்து வண்டி என்று இன்னும் இரண்டு போட்டான்.

வருஷம் நாற்பத்திரண்டு. ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ தொடங்கியதிலிருந்து தந்திக் கம்பியை அறுத்தவன், அறுக்காதவன் என்று யாரைப் பார்த்தாலும் பிடித்தார்கள். வாசுதேவநல்லூர்ப் பக்கம் ஒரு சர்க்கார் லாரியின் டேங்கில் சீனியைப் போட்டதாக ஒரு தையல்காரனைக் கொண்டுபோனார்கள். அவன் இன்னும் வீடு திரும்பவில்லை. அவனோடு போன தம்பி திரும்பினான். வலது கையால் சோறு பிசைய முடியவில்லை. போலீஸ் வண்டிக்குள் வெள்ளைப் பொடி. கடைசியாகக் கை வைத்தவன் நல்லக்கண்ணு. சீனியா சாம்பலா என்று எவன் நக்கிப் பார்க்கப் போகிறான்?

திருநெல்வேலிக்குப் போனால் அங்கே திறந்து பார்ப்பார்கள். ஆகவே இங்கேயே திறக்க வேண்டும். ஆனால் அவனுக்குத் தெரிந்தது பஞ்சரும் செயினும். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு ஊட்டும் அந்தச் சின்னப் பித்தளைச் சாமானைப் பஸ் ஷெட்டில் ஒரே ஒரு தடவை திறந்து பார்த்திருக்கிறான். அதற்குள் ஓர் உருளை மேலும் கீழும் போய்வரும். அது உள்ளே சிக்கிக்கொண்டால், கைப்பிடியை எவ்வளவு திருப்பினாலும் வேகம் குறையாது என்று அங்கே டிரைவர் ஒருவர் சொன்னது ஞாபகம் இருந்தது. இன்ஸ்பெக்டர் காந்திமதிநாதன் ஒரு புளியமரத்தில் போய் மோதினால் நல்லக்கண்ணுவுக்குக் கை மட்டும் போகாது, கழுத்தும் போகும்.

தோசைக்கடையிலிருந்து சொரிமுத்துவின் சிரிப்பு கேட்டது. நல்லக்கண்ணு ஸ்பானரை எடுத்தான்.

முதலில் டேங்கைக் கழற்றிப் பெட்ரோலை ஒரு தகரத்தில் வடித்து அலசினான். பிறகு கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைத் திருகினான். அடியில் வெள்ளைச் சேறு. துணியால் வழித்து, துணியை அப்படியே அடுப்பில் எறியச் சொல்லி முப்பிடாதியிடம் கொடுத்தான்.

“விபூதிதாண்டி.”

“நாம போட்டதா?”

“வாயைத் தொறந்தே, கொன்னுருவேன்.”

கடுகளவு துவாரம் உள்ள பித்தளைத் திருகை வாயில் வைத்து ஊதினான். நாக்கு எரிந்தது. மூன்றாவது ஊதலில் காற்று போனது. உருளையை எடுத்துத் துடைத்தான். திரும்ப வைக்கப் போகும்போதுதான் கை நின்றது. அதன் ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருந்தது. அந்தப் பக்கம் எஞ்சினைப் பார்த்து இருந்ததா, வெளியே பார்த்தா? அவன் கவனிக்கவில்லை. எப்படி வைத்தாலும் உள்ளே போனது. இரண்டு தரம் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். காற்று வெளியிலிருந்துதானே வர வேண்டும் என்று சீவிய பக்கத்தை வெளிப்புறம் வைத்து முடுக்கினான். வடித்த பெட்ரோலைத் துணியில் வடிகட்டி ஊற்றினான்.

மூன்றாம் உதையில் வண்டி பிடித்தது. கைப்பிடியைத் திருப்பினான், கத்தியது. விட்டான், அடங்கியது. இன்னும் பத்துத் தடவை செய்து பார்த்தான். பத்துத் தடவையும் அடங்கியது. பிறகுதான் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் ஜட்காவில் வந்து இறங்கினார். வண்டியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். “பின்னால ஏறுலே. வழியில நின்னா எவன் பாக்கது?”

ஏறினான். தென்காசியைத் தாண்டும் வரை எஞ்சின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தான். செங்கோட்டை ரஸ்தாவில் ஒரு பிள்ளையார் கோவிலருகே இன்ஸ்பெக்டர் வண்டியை நிறுத்தினார். மாடத்திலிருந்து விபூதியை அள்ளி நெற்றியில் பூசினார். டேங்கில் மூன்று கோடு இழுத்தார். பிறகு பெட்ரோல் மூடியைத் திறந்து, மீதி விபூதியை இரண்டு விரலால் கிள்ளினார்.

“ஐயா!”

யோசிப்பதற்கு முன்பே வந்துவிட்டது.

“என்னலே?”

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். உண்மைதான் வந்தது. “போடாதிய ஐயா. அதுதான் அடைச்சிருந்துச்சு.”

இன்ஸ்பெக்டரின் விரல் துவாரத்துக்கு மேலேயே நின்றது. பிறகு கையை உதறினார்.

“நேத்தும் போட்டேன்,” என்றார் மெதுவாக. “நீ தொடைச்சுட்டியா?”

“தொடைச்சுட்டேன் ஐயா.”

“திருநெல்வேலிக்குப் போயிருந்தா அம்புட்டுப் பயலும் சிரிச்சிருப்பான்.” மூடியை இறுக்கினார். முகத்தில் சிரிப்பு இல்லை. “விபூதியால வண்டி நின்னுச்சுன்னு ஊருல ஒரு பேச்சு வரட்டும், சொன்னவன் நீதான்னு எடுத்துக்கிடுவேன். வெளங்குதா?”

“வெளங்குது ஐயா.”

வண்டி சீராக ஓடியது. நல்லக்கண்ணு இருக்கையின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். மணி நாலரை இருக்கும். முப்பிடாதி குடத்தை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெண்களெல்லாம் கூடிப் பேசும் கிணற்றடிக்குப் போகும் நேரம்.