மெகாபோன் அவருக்கு, பேட்டரி அவளுக்கு

குடியிருப்போர் சங்கம் இரண்டாக உடைந்தபோது சொத்துப் பிரிவினை வெகு நியாயமாக நடந்தது. மெகாபோன் கண்டக்டரம்மாவுடைய கணவரின் அணிக்கு. அதன் பேட்டரிகள் அவளுடைய அணிக்கு. இப்படிப் பார்த்துப் பார்த்துப் பிரித்த புத்திசாலி யாரென்று கண்டக்டரம்மாவுக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் கை தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி.

அவள் பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பவள். அவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். சங்கத்தை வளர்த்ததே இருவரும்தான். உடைந்ததும் அவர்கள் வீட்டுச் சமையலறையில்தான்.

"வாடகை ஏறுனா எல்லாருக்கும்தானே ஏறுது? இதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன, வெளியூர் என்ன?" என்றார் அவர்.

"அப்ப ஏன் மைக் பிடிக்கிறது எப்பவும் நீங்க, நாற்காலி தூக்கறது எப்பவும் நாங்க?" என்றாள் இவள்.

அன்றிலிருந்து அவர் பொது அணி. இவள் பெண்கள், வெளியூரார் அணி. அடுப்பு மட்டும் ஒன்று. சங்கப் பொருளை எதிரணிக்குத் தருவது துரோகம் என்று இரண்டு அணியும் தீர்மானம் போட்டிருந்தன. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே கொண்டாட்டம் கட்டடச் சொந்தக்காரருக்கு. பக்கத்து வீட்டுத் தையலக்காவைக் காலி செய்ய ஆள் அனுப்பிவிட்டார்.

தையலக்கா பிழைக்க வந்தவள், துணையில்லாதவள். கட்டடத்து ஜனம் இறங்கி வாசலை மறித்தால்தான் அவளுடைய தையல் மெஷின் தெருவுக்குப் போகாமல் இருக்கும். இரண்டு அணியும் தனித்தனியாகப் போய்க் கதவு தட்டின. "முதல்ல உங்களுக்குள்ள பேசி முடிங்க" என்று எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

காலையில் லாரி வந்து நின்றது. வாசலின் இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். தையலக்கா மெஷினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டரம்மா வாசலைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். பையிலிருந்த பேட்டரிகளைக் கணவரிடம் நீட்டினாள்.

"உங்க அணிக்கு இல்ல. அக்காவுக்கு."

அவர் அவற்றை மெகாபோனில் போட்டு, சுவிட்சைத் தட்டினார். "தோழர்களே..."

"நிறுத்துங்க. அக்கா பேசட்டும். போறது அவங்க வீடு."

"அவங்களே நடுங்கிட்டு நிக்கறாங்க!"

"அப்ப நான் பேசறேன். பொம்பளை கஷ்டம் உங்களுக்கு என்ன தெரியும்?"

"இத்தனை வருஷம் உன்கூடக் குடும்பம் நடத்தினவனுக்கா தெரியாது?"

"தெரிஞ்சவர்தான் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடுவாரா?"

சுவிட்ச் போட்டபடியே இருந்ததை இருவரும் மறந்துவிட்டார்கள். ஈரத் துண்டு மொட்டைமாடிவரை கேட்டது. ஜன்னல்கள் திறந்தன. பல் விளக்கிக்கொண்டிருந்தவர், பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவள், எல்லோரும் அப்படியே இறங்கி வந்தார்கள். வாசலில் எள் போட இடமில்லை.

"வழி விடுங்க" என்றான் லாரிக்காரன்.

"சும்மா இருப்பா. அந்தம்மா கேட்ட துண்டுக் கேள்விக்கு என்ன பதில்னு கேக்கணும்" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

லாரி வெகுநேரம் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அப்போதுதான் கண்டக்டரம்மாவுக்குச் சுவிட்ச் கண்ணில் பட்டது. வெட்கத்தில் காது சுட்டது. எத்தனை கோஷம் போட்டிருப்பார்கள், ஒருநாளாவது இத்தனை பேர் வந்தார்களா?

தையலக்கா தயங்கித் தயங்கி அருகில் வந்தாள்.

"நாளைக்கும் வருவானுங்களாம். நாளைக்கும் கொஞ்சம் சண்டை போடுவீங்களா?"

கணவர் தீர்மானப்படி பேட்டரிகளைக் கழற்ற ஆரம்பித்திருந்தார். கண்டக்டரம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"அது உள்ளேயே இருக்கட்டும்."