முந்தானையை விடாத கை

நாலு பாட்டில்களும் காலுறை மாட்டிக்கொண்டு மேசைமேல் நின்றன, பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்துக்கு வந்த பிள்ளைகள் மாதிரி. பச்சைக் கோடு போட்டது ஒன்று. டாக்டர் ஸ்கந்தராஜா ஓய்வு பெறும்வரை பல் பிடுங்கப் போட்டுப்போன கறுப்பு ஒன்று. குதிகாலில் ஓட்டை விழுந்த சாம்பல் நிறம் ஒன்று. கால்பந்து ஆட்டக்காரனின் முழங்கால் வரைக்கும் ஏறுகிற சிவப்பு ஒன்று. மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, ஈப்போ கார்டனில் டாக்டர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எங்கள் வைன் கூட்டம் நடக்கும். ஆளுக்கு ஒரு பாட்டில், வீட்டுக்காரர் என்பதால் டாக்டருக்கு மட்டும் இரண்டு. டாக்டரின் மனைவி தவமணி அக்கா வாசலிலேயே வாங்கி, உள்ளே கொண்டுபோய்க் காலுறை மாட்டிவிடுவார். எது யாருடையது, எந்த நாட்டுச் சரக்கு, ஒன்றும் தெரியாமல் குடித்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும். காலுறை கழன்ற பிறகு யார் என்ன சொன்னாலும் கணக்கில் சேராது. அந்தச் சட்டம் நான் போட்டது. லேபிளைப் பார்த்த நாக்கு நேர்மையாகப் பேசாது என்பது என் கட்சி.

கூட்டத்தில் மூக்கு சுகுமாரனுடையது, புத்தகம் டாக்டருடையது, வாய் என்னுடையது. தவமணி அக்கா குடிக்கமாட்டார். முகர்ந்து பார்த்து, எங்கள் முகங்களையும் பார்த்துக்கொள்வதோடு சரி. சுகுமாரன் ஏர்கான் மெக்கானிக். செமோர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதியாகிவிட்டது; அங்கேயே ஒரு வீட்டில் குடியிருக்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் டாக்டர் வீட்டு ஏர்கானைக் கழுவ வந்தவன், மேசையில் திறந்திருந்த பாட்டிலைத் தாண்டிப் போகும்போது நின்று, "டாக்டர், இது கெட்டுப் போச்சு. மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசம் அடிக்குது" என்றானாம். அதே கோளாறை, அதே வாசனையைச் சொல்லி விளக்கும் தடித்த புத்தகத்தை அன்று காலைதான் டாக்டர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏணியைக் கீழே வைக்கச் சொல்லி நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்.

என் வாய் எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். லஹாட் ரோட்டில் எங்கள் சேலைக் கடையின் துணி மடிப்புகளுக்கு நடுவே வளர்ந்தவன் நான். எங்கள் குடும்பத்தில் பிடித்த பொருளைப் பிடித்திருக்கிறது என்று சொன்னவன் மூன்று தலைமுறையில் கிடையாது. பினாங்கிலிருந்து மொத்தச் சரக்கு வந்து இறங்கினால், அதில் நல்ல கட்டைத்தான் அப்பா முதலில் திட்டுவார்: சாயம் நிற்காது, நெசவு தொளதொளவென்று இருக்கிறது, இதை எவள் கட்டுவாள். கடைக்கு வரும் பெண்களும் லேசுப்பட்டவர்களா? அப்பா சொல்வார், "வாய் என்ன திட்டுதுன்னு பாக்காத. கை முந்தானையை விட்டிருச்சான்னு பாரு. விடாதவ வாங்குவா." எனக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் கேசரி அற்புதமாக இருந்தது. சீனி தூக்கல் என்று சொல்லிவிட்டு அப்பா மூன்றாவது தட்டு வாங்கினார். அந்தக் கேசரியைக் கிண்டியவளோடு முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். சமையலை ஒருநாள் பாராட்டியதில்லை. மறுசோறு கேட்பேன், அவளுக்குப் புரியும்.

அன்றைக்கு ஆரம்பமே அமர்க்களம். பச்சைக் காலுறையை ஊற்றியதும் மூவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டோம். பாடாங் திடலில் புல் வெட்டும் மெஷின் ஓடி ஓய்ந்த நேரத்தில் பக்கத்தில் ஒருத்தன் கொய்யாக்காயைப் பிளந்த வாசனை என்று நான் சொல்ல, டாக்டர் நியூசிலாந்து என்று மேசையைத் தட்டினார். கறுப்புக் காலுறை இன்னும் மேலே போனது. பொன்னிறம், பழசு. மண்ணெண்ணெய் மாதிரி ஒரு நெடி. நான் மூக்கைச் சுளித்தேன். சுகுமாரன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, காய்ந்த ரப்பர் ஷீட்டை அடுக்கி வைத்திருக்கும் ஸ்டோர், கதவைத் திறந்ததும் முதல் மூச்சு, ஆனால் அதற்குள் யாரோ எலுமிச்சம்பழம் நறுக்கிவைத்திருக்கிறார்கள் என்றான். மறுபடி முகர்ந்தேன். ஸ்டோரும் இருந்தது, எலுமிச்சையும் இருந்தது. ஜெர்மனியில் எவனோ ஒருத்தன் பிழிந்து வைத்த சாற்றுக்குள் செமோர் தோட்டத்து ஸ்டோர் எப்படி வந்து உட்கார்ந்தது? டாக்டர் எழுந்து நின்றே குடித்தார். அவர் நல்ல வைனுக்கு எழுந்து நிற்பார்.

அடுத்தது சாம்பல் காலுறை. வெளுத்த வைக்கோல் நிறம். மூக்கருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. பம்ப்ளிமாஸ் தோலை வளைத்தால் கண்ணில் தெறிக்குமே ஒரு சாறு, அந்த வாசனை; அதன் பின்னால் விடியலில் பூத்த ஏதோ வெள்ளைப் பூ. வாயில் முதலில் புளிப்பு ஓடியது, நாக்கின் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு ஓடியது. பின்னாலேயே தேன், அதுவும் மெல்லியதாக. எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது ஒரு இழை கசப்பு வந்து, மொத்தத்தையும் முடிச்சுப் போட்டுக் கட்டியது. முதுகில் மயிர் எழுந்தது. மூன்று வருஷமாக இந்த மேசையில் குடித்ததில் இதற்கு ஈடு கிடையாது. எந்தக் கடை, எத்தனை பாட்டில் மிச்சம் இருக்கும், வேறு எவனாவது வாங்குவதற்குள் எப்படி வளைத்துப் போடுவது என்று மண்டைக்குள் கடை திறந்துவிட்டது. கடை திறந்தால் வாய் தானாகத் திட்டத் தொடங்கும். அது என் கையில் இல்லை.

நிறம் தண்ணீர் ஊற்றிய சோடா என்றேன். வாசனை குளியலறை கழுவும் எலுமிச்சை லோஷன். நடுவில் ஆளில்லாத வீடு. டாக்டர் சிரித்தார். அவர் சிரித்தால் எனக்கு இன்னும் வரும். சுகுமாரன் தன் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்திருந்தான்.

"கசப்பு ரொம்பத் தெரியுதாண்ணே?"

"தெரியுதாவா? வாடகை வாங்க வந்தவன் மாதிரி வாசல்ல நின்னுக்கிட்டுப் போகவே மாட்டேங்குது."

அவனும் சிரித்தான். டாக்டர் தனக்கு முதலில் பிடித்தமாதிரி இருந்தது, நான் சொன்ன பிறகுதான் கசக்கிறது என்றார். இதுதான் என் வாயின் லட்சணம், அடுத்தவன் நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். கொஞ்ச நேரத்தில் சுகுமாரன், துளசி வண்டியோடு வாசலில் நிற்கிறாள், ஒரு கடையில் ஏர்கான் ஒழுகுதாம் என்று எழுந்துகொண்டான். துளசி அவன் மனைவி. கூட்டம் முடிந்ததும் அவள்தான் வந்து அழைத்துப்போவாள். ஆனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். அப்போது மணி நாலேகால். சிவப்புக் காலுறையை நாங்கள் இன்னும் திறக்கக்கூட இல்லை.

வண்டிச் சத்தம் போனதும் சாம்பல் காலுறையை நான்தான் உருவினேன். எந்தக் கடை என்று தெரிந்தாக வேண்டுமே. லேபிள் இல்லை. தாள் நாடா ஒட்டி, பேனாவால் எழுதியிருந்தது: தம்புன், 11. தம்புனில் சாலையோரம் முழுக்கப் பம்ப்ளிமாஸ் தொங்கும் கடைகள் என் கண்முன் வந்துபோயின.

தவமணி அக்கா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். சுகுமாரன் ஒன்றரை வருஷமாக வீட்டுப் பின்கட்டில் பம்ப்ளிமாஸ் உரித்து, வெள்ளைத் தோல் ஒரு நார் இல்லாமல் எடுத்து, வைன் ஊறவைத்துக்கொண்டிருந்தானாம். பத்துத் தடவை வினிகராகவோ பூஞ்சையாகவோ போய், இது பதினோராவது. அக்காவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான், வெளியே சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

"உம்மட வாயால நல்லா இருக்கெண்டு வந்தால் வச்சிருப்பானாம். இல்லையெண்டால் மிச்சம் முழுக்க லோங்காங் சாக்கடையில ஊத்திப்போட்டு, இந்த வேலையையே விட்டிடுவானாம்." பிறகு மேசையைக் காட்டினார். "நீர் சொன்னதை நான் கேட்டன் தம்பி. உம்மட கிளாஸையும் பாரும்."

டாக்டர் கிளாஸில் பாதி இருந்தது. சுகுமாரன் கிளாஸ் தொடாமல் அப்படியே இருந்தது. என்னுடையது துடைத்து வைத்தமாதிரி இருந்தது.

சுகுமாரனுக்குப் போன் போட்டேன்; அடித்து அடித்து நின்றது. நான் கார் சாவியை எடுக்கும் நிலையில் இல்லை. குடிக்காதவர் அக்கா ஒருவர்தான். அவருடைய பழைய கஞ்சில் காரில் நாங்கள் இருவரும் செமோருக்குக் கிளம்பினோம். நான் கையிலிருந்த கிளாஸைக்கூட வைக்காமல் ஏறிவிட்டேன். தாசேக் தாண்டும்போது மழை பிடித்தது. போகும் வழியெல்லாம் பாராட்டை ஒத்திகை பார்த்தேன். "சுகு, இது ரொம்பத் தரமான ஐட்டம்." "இந்த மாதிரி வேற எங்கயும் கிடைக்காது." அக்கா கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரைப் பார்த்தபடி, சேலை விக்கிற மாதிரி இருக்கு தம்பி என்றார். இன்னொரு விதமாகச் சொல்லிப் பார்த்தேன். தள்ளுபடியில் விக்கிற மாதிரி இருக்கு என்றார். லாரி ஒன்று முன்னால் ஊர்ந்தது. ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒரு பாட்டில் காலியாகிறது என்று எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலிலேயே வாசனை வந்துவிட்டது. மழைத் தண்ணீரோடு லோங்காங்கில் பம்ப்ளிமாஸ் பூ ஓடிக்கொண்டிருந்தது. பின்கட்டில் துத்தநாகக் கூரைக்குக் கீழே நாலு தோங், குடிதண்ணீர் மெஷின்மேல் கவிழ்த்து வைப்பார்களே, அந்தப் பெரிய பிளாஸ்டிக் பாட்டில்கள். இரண்டு காலியாகக் கிடந்தன. மூன்றாவதை ஒரு ஸ்டூலின்மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான் சுகுமாரன். அதன் ரப்பர் மூடி அவன் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. பக்கத்தில் துளசி.

"வாங்கண்ணே," என்றாள். "இன்னும் ரெண்டு இருக்கு. அதையும் திட்டிட்டுப் போங்க."

நான் அவனிடம் போய், ஒத்திகை பார்த்ததையெல்லாம் விட்டுவிட்டு, நான் குடித்ததிலேயே இதுதான் என்று ஆரம்பித்தேன். அவன் தோங்கின் வாயைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"காலுறையக் கழட்டினப்புறம் சொல்றது கணக்கில்லலா அண்ணே. நீங்க போட்ட சட்டம்தான்." குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க பாராட்டியும் நான் கேட்டிருக்கேன். கடையில, விக்காத சேலையப் பாராட்டுவீங்க."

உண்மையைச் சொன்னால் அது விற்கிற பேச்சு. திட்டினால் அது தீர்ப்பு. அக்கா குடையை மடக்காமல் நின்றார். கையில் கிளாஸ் இருப்பது அப்போதுதான் உறைத்தது. நீட்டினேன். வீட்டுக்கு வந்தவன் கிளாஸை நீட்டினால் ஊற்றாமலிருக்கச் சுகுமாரனுக்குத் தெரியாது. கொஞ்சம் ஊற்றினான். குடித்தேன். அதே பூ, அதே ஓட்டம், கடைசியில் அதே முடிச்சு. மழைவாடையோடு சேர்ந்து மதியத்தைவிட நன்றாக இருந்தது.

"கசக்குது," என்றேன். கிளாஸை நீட்டினேன்.

அவன் என்னை முறைத்துவிட்டு ஊற்றினான்.

"நிறமே இல்ல." நீட்டினேன்.

ஊற்றினான். குடித்து முடித்து, குளியலறை லோஷனைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளாஸை நீட்டியபோது துளசிக்குச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க. போன தீபாவளிக்கு இவரு கடையில அந்த அரக்குச் சேலைய நான் எப்படித் திட்டினேன்?"

"காது குடுத்துக் கேக்க முடியல," என்றான் அவன்.

"அப்ப என் கை எங்க இருந்துச்சு?"

சுகுமாரன் அவளைப் பார்த்தான். பிறகு, சாய்த்துப் பிடித்த தோங்கை நிமிர்த்தாமலேயே, நீட்டியிருந்த என் கையைப் பார்த்தான். அவனுடைய இன்னொரு கை மெதுவாகச் சட்டைப்பைப் பக்கம் போய், மூடியைத் தொட்டபடி நின்றது. தோங்கின் வாயிலிருந்து நூல் மாதிரி இறங்கிய வைன் கிளாஸை நிரப்பி, விளிம்பைத் தாண்டி, என் விரல்கள்மேல் வழிந்துகொண்டிருந்தது. நான் கையை எடுக்கவில்லை.