மேடையில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட்

குழந்தை தேன்மொழிக்கு வந்திருந்த சளி உறிஞ்சும் மெஷின், பூதலூர் கட்சிக் கூட்ட மேடையில் பொன்னாடை போர்த்தி உட்கார்ந்திருந்தது. முதலில் ஒன்றியச் செயலாளர் இராஜாங்கம் அதைக் குழந்தைக்குத்தான் போர்த்த வந்தார். அவள் மூச்சு விடுவதே கழுத்தில் செருகியிருக்கும் குழாய் வழியாகத்தான், துணி மூடினால் ஆபத்து என்று தாய் அம்சம் தடுத்துவிட்டாள். பிரித்த பொன்னாடையை மேடையில் வைத்து மடிப்பது கட்சிக்கு அழகா? மெஷினுக்குப் போர்த்தினார், போட்டோவும் எடுத்தாயிற்று.

வீட்டிலிருந்த பழைய மெஷின் முந்தாநாளே நின்றுபோயிருந்தது. இரண்டு நாளாக அம்சம் சிரிஞ்சில் டியூப் மாட்டி மகளின் சளியை இழுத்துச் சமாளித்தாள். அறுப்புக் காலத் தூசியில் சளி கெட்டிப்பட்டுக்கொண்டே வந்தது.

இராஜாங்கம் பேசினார். மெஷினுக்கு ஒரு வரி, மீதியெல்லாம் நிலம். உழுதவனுக்கு நிலம் வாங்கித் தந்தது யார் என்று கேட்டு, பதிலையும் தானே சொன்னார். அந்த நிலத்துக்காகச் செங்கொடி பிடித்து அடி வாங்கிய அம்சத்தின் மாமனார் சாமிதுரை, அப்போது தான் எங்கே இருந்தோம் என்று தெரிந்துகொள்ளும் ஆவலோடு முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேன்மொழியின் கழுத்தில் கொரகொரவென்று சத்தம் எழுந்தது. சிரிஞ்சுக்கு ஒன்றும் வரவில்லை. குழந்தையின் உதடு கறுத்தது.

"அண்ணே, மெஷின் இப்பவே வேணும்."

"பேசி முடிச்சதும் முறைப்படி கொடுப்போம்மா," என்றார், மைக்கிலேயே.

அம்சம் பொன்னாடையை உருவி எறிந்தாள். மேடையில் ஒரே பிளக் பாயிண்ட். அதில் மைக் செட். பிடுங்கிவிட்டு மெஷினைச் செருகினாள். பையிலிருந்த புது டியூபை மாட்டிக் குழாய்க்குள் விட்டு, பத்து எண்ணுவதற்குள் வெளியே எடுத்தாள். இரண்டாம் முறை கெட்டிச் சளி வந்தது. உதட்டில் நிறம் திரும்பியது.

மெஷின் எதை இழுக்கிறது என்று பார்க்கக் கூட்டம் மேடையை மொய்த்தது. இராஜாங்கம் இன்னும் கையை ஆட்டி வாயசைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆறு வயதுத் தேன்மொழி அவரையே உற்றுப் பார்த்தாள். பேசவேண்டும் என்றால் அவள் குழாயின் வாயை விரலால் ஒரு நொடி அடைக்கவேண்டும். அடைத்தாள்.

"மாமாவுக்குக் குழாய் எங்கம்மா இருக்கு?"

இராஜாங்கத்தின் கை தானாகக் கழுத்துக்குப் போய், மாலைகளுக்கு நடுவே தேடிப் பார்த்தது.